ஓடுவதை வாங்குங்க... நிற்பதைச் செய்யுங்க! அலமாரி மேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன்

யூடியூபில் மாடல் ரயில் வீடியோ தேடியவர்களுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கும் 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' கண்ணில் படாமல் இருந்திருக்காது. 2001-ல் திறந்தார்கள். உலகத்திலேயே பெரிய மாடல் ரயில்வே அதுதான். நம்ம ஊர்ப் பக்கம் புனேயில்கூட ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பார்க்கும்போது வாய் பிளக்கும். 'நாமும் வீட்டில் ஒன்று செய்தால் என்ன?' என்று விலையைத் தேடினால், பிளந்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இறக்குமதியாகும் ஒரு ரயில் செட்டின் விலைக்கு ஒரு குடும்பத்தின் மாத மளிகையையே முடித்துவிடலாம். அடுத்தது இடப் பிரச்னை. ரயில் சுற்றி வர வேண்டுமென்றால் கட்டில் அளவுக்குப் பலகை வேண்டும். இரண்டு பெட்ரூம் வீட்டில் அதை எங்கே போடுவது?

இந்த இரண்டையும் ஒரே ஒரு விதியால் சமாளிக்கலாம். ஓடுவதை வாங்குங்கள், நிற்பதைச் செய்யுங்கள். எஞ்சின், சக்கரம், தண்டவாளம் ஆகியவற்றுக்கு மட்டும் காசு. ஸ்டேஷன், மரம், கிணறு, மனிதர்கள் எல்லாம் நம் கை வேலை. காசை மிச்சம் பிடிப்பது மட்டுமல்ல, இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவைப் பிடியுங்கள்

மாடல் ரயிலில் உலகம் முழுக்க அதிகம் பேர் பயன்படுத்துவது 'ஹெச்.ஓ' அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே 1 அடி. அதாவது 1:87. இதைவிடச் சின்னது 'என்' அளவு, அது 1:160. 'என்' அளவுக்கு இடம் குறைவாகப் போதும் என்றாலும், முதல் முயற்சிக்கும் பெரியவர்களின் கண்ணுக்கும் ஹெச்.ஓ-தான் வசதி.

கணக்குக்கு ஒரு சுலப வழி: நிஜ அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 8.7-ஆல் வகுங்கள். வரும் விடை, மாடலின் அளவு, மில்லிமீட்டரில். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஹெச்.ஓ உலகத்தில் 19 மில்லிமீட்டர். 7 அடிக் கதவு, அதாவது சுமார் 210 சென்டிமீட்டர், 24 மில்லிமீட்டர். நாம் ஏறி இறங்கும் நீல நிற ஐ.சி.எஃப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், மாடலில் இருபத்தி நாலரை சென்டிமீட்டர் வரும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஹெச்.ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது 1,435 மில்லிமீட்டர் கொண்ட 'ஸ்டாண்டர்டு கேஜ்'-க்கான கணக்கு. நம் நாட்டில் சென்னை மெட்ரோ அந்தப் பாதையில்தான் ஓடுகிறது. அகலப்பாதையான பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர். கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். மீட்டர்கேஜுக்கு 11.5 போதும். 'அச்சு அசலாக வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்தால் செலவு எகிறிவிடும். 16.5-ஐயே நம் ஊர்த் தண்டவாளமாக வைத்துக்கொள்வதுதான் பட்ஜெட்டுக்கு நல்லது. பார்ப்பவர் கண் முதலில் போவது ஸ்டேஷன் கட்டடத்துக்கும் மஞ்சள் பெயர்ப் பலகைக்கும்தான்.

வட்டம் வேண்டாம், ஐந்தடிப் பலகை போதும்

ரயில் என்றால் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும் என்று யார் சொன்னது? நான்கு சுற்று வந்ததும் குழந்தைகள் எழுந்து போன் தேடிப் போய்விடுவார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்ற மாடல் ரயில் கலைஞர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார். பெயர் 'இங்கிள்நூக்'. தேவை இரண்டே இரண்டு பாயின்ட், ஒரு எஞ்சின், 8 சரக்கு வேகன்கள்.

அமைப்பு இப்படி: ஒரு பாதை மூன்றாகப் பிரியும். ஒன்றில் 5 வேகன் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மும்மூன்று வேகன். பிரிவதற்கு முன்னால் இருக்கும் 'ஷன்டிங் நெக்' பகுதியில் எஞ்சினோடு 3 வேகன் மட்டும்தான் கொள்ளும்.

இனி விளையாட்டு. 8 வேகனுக்கும் 8 சீட்டு எழுதிக் குலுக்குங்கள். வீட்டுக் குட்டியை 5 சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ, அதே வரிசையில் 5 வேகன்களை நீளமான பாதையில் சேர்த்து நிறுத்த வேண்டும். கேட்கச் சுலபம். நெக்கில் 3 வேகனுக்கு மேல் நிற்காது என்பதால் முன்னே, பின்னே, இந்தப் பாதை, அந்தப் பாதை என்று மூளை கசங்கும். 8×7×6×5×4 என்று பெருக்கினால் மொத்தம் 6,720 வரிசை. தினமும் ஒரு ஆட்டம் என்றாலும் 18 வருடம் ஓடும்!

ஹெச்.ஓ அளவில் இதற்கு 5 அடி நீளம், 1 அடி அகலம் இருந்தால் தாராளம். அலமாரி மேல், ஜன்னல் திட்டில், டிவிக்குக் கீழே... எங்கே வேண்டுமானாலும் உட்காரும்.

எதற்குக் காசு, எதற்குக் கூடாது?

டாலர் ஏறினால் விலையும் ஏறும். கடைக்குக் கடையும் மாறும். அதனால் ரூபாயைவிட விகிதத்தை நினைவில் வையுங்கள். கையில் 10 ரூபாய் இருந்தால், 8 ரூபாய் ஓடுகிற பொருளுக்கு.

* எஞ்சின்: ஒன்றே ஒன்று, நல்லதாக. மலிவான எஞ்சின் இரண்டு வாங்குவதைவிட, மெதுவாக ஊர்ந்து போகத் தெரிந்த ஒன்று மேல். ஷன்டிங்குக்கு வேகம் தேவையில்லை. பழையது வாங்கினால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.
* பாயின்ட்: இரண்டு. கையால் தள்ளும் ரகம் போதும். மோட்டார் வைத்த பாயின்ட் இப்போது வேண்டாம்.
* தண்டவாளம்: பித்தளையைவிட 'நிக்கல் சில்வர்' நல்லது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். கறுத்துப்போனாலும் கரன்ட் ஓரளவு நன்றாகவே கடத்தும்.
* வேகன்: சக்கரமும் அச்சும் மட்டும் வாங்கிக்கொண்டு, உடம்பைக் கெட்டி அட்டையில் செய்யலாம். அட்டை வேகன் எடை இல்லாமல் தடம்புரளும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் ஹெச்.ஓ வேகனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: முதலில் 1 அவுன்ஸ், பிறகு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 4 அங்குல வேகனுக்கு 3 அவுன்ஸ், ஏறக்குறைய 85 கிராம். உள்ளே இரும்பு வாஷர்களை ஒட்டி எடை சேருங்கள்.

பொம்மைக் கடை பேட்டரி ரயில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? அதன் சக்கர அகலத்தை அளந்துவிட்டு மற்றதை வாங்குங்கள். எல்லா பொம்மை ரயிலும் ஹெச்.ஓ தண்டவாளத்தில் ஏறாது.

மொத்தத்தையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் பலகையும் பேப்பரும். அப்புறம் தண்டவாளம். அதன்பிறகு பாயின்ட். கடைசியில் எஞ்சின். அதுவரை உண்டியலில் சேரட்டும்.

எந்த ஸ்டேஷன்?

இப்போது முன்பு சொன்ன அந்த இன்னொரு லாபத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கும் கட்டட மாடல்களில் ஜெர்மனி ஸ்டேஷன் உண்டு, இங்கிலாந்து ஸ்டேஷன் உண்டு. உங்கள் ஊர் ஸ்டேஷனை உலகத்தில் எந்த கம்பெனியும் விற்பதில்லை. அதை நீங்கள் செய்தால்தான் உண்டு.

அதிலும் மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் என்றால் இன்னும் அவசரம். 1992-ல் 'யுனிகேஜ்' திட்டம் வந்த பிறகு ஒவ்வொரு பாதையாக அகலப்பாதை ஆனது. சென்னை கடற்கரை – தாம்பரம் இடையே 1931-லிருந்து ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது. மதுரை – போடி பாதையில் 2010 முடிவோடு சின்ன ரயில் நின்று, அகலப்பாதை ரயில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் வந்தது. புனலூர் – செங்கோட்டை மலைப்பாதையும் 2010-ல் மூடி, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பியது. தெற்கு ரயில்வேயில் இன்று மீட்டர்கேஜ் ரயிலில் ஏறி உட்கார வேண்டுமென்றால் நீலகிரி மலை ரயில் ஒன்றுதான்.

பயணத்துக்கு அகலப்பாதை நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால், பாதை மாறும்போது பல ஊர்களில் ஓட்டுக் கூரை ஸ்டேஷனும், கைகாட்டியும், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டும் சேர்ந்தே போய்விட்டன. வீட்டு ஆல்பத்தில் இருந்தால் உண்டு. பெரியவர்கள் ஞாபகத்தில் இருந்தால் உண்டு.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் இன்று அடையாளம் இல்லை. என் தாத்தா அங்கே குட்ஸ் ஷெட்டில் லோடுமேனாக வேலை பார்த்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். இங்கிள்நூக் கோடுகளை மட்டும் 5 அடி பிரவுன் பேப்பரில் வரைந்து கூடத்தில் விரித்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

கொஞ்ச நேரம் கோடுகளைத் தடவிப் பார்த்தார். "கெழக்க எங்கிட்டுத்தா வருது?" என்றார். காட்டினேன். அவ்வளவுதான். வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்தார். அது குட்ஸ் ஷெட். செம்பு கிணறானது. தீப்பெட்டி, கேட் கீப்பர் ரூம். அப்பத்தாவின் சுருக்குப் பை வேப்பமரமாகி, ஸ்டேஷனுக்கு மேற்கே போய் நின்றது.

"மரம் இம்புட்டுத் தள்ளியா இருந்துச்சு?" என்று அப்பத்தா கேட்க, "நிழல்ல நின்னவனுக்குத் தெரியாதா?" என்றார் தாத்தா.

பிறகு ஷெட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விரலை வைத்து, எடுக்காமல் இருந்தார். "இங்கனதேன் மூட்டை சரிஞ்சு என் கூட்டாளி காலு போச்சுத்தா. அன்னைக்கு நான் நிக்க வேண்டிய எடம் அது."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். 50 வயதைத் தாண்டிய அவருக்கே இது புதுச் செய்தி. தாத்தாவிடம் குட்ஸ் ஷெட்டில் யார் எங்கே நின்றார்கள் என்று அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கக் காரணமும் இருந்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிரவுன் பேப்பர் கட்டத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். செலவு மிகக் குறைந்த கட்டம் அது. கிடைப்பது அதிகம். பெரியவர் பேசும்போது போனில் ரெக்கார்டு செய்யுங்கள். பேப்பரில் அவர் பொருள் வைத்த இடத்தையெல்லாம் பென்சிலால் சுற்றிக் குறித்துவிட்டு, அப்புறம் எடுங்கள்.

இல்லாத கட்டடத்தை எப்படி அளப்பது?

ஒரு பழைய போட்டோ போதும். எங்களுக்குக் கிடைத்தது அத்தையை மறுவீட்டுக்கு அனுப்பிய நாளில் பிளாட்பாரத்தில் எடுத்த படம். மாமா ஸ்டேஷன் கதவை ஒட்டி நிற்கிறார். மாமாவின் உயரம் 168 சென்டிமீட்டர். படத்தில் அவர் 4 சென்டிமீட்டர் என்றால், படத்தின் 1 சென்டிமீட்டர் நிஜத்தில் 42. கதவு படத்தில் 5 சென்டிமீட்டர். அப்படியானால் நிஜத்தில் 210. கதவு தெரிந்தால் ஜன்னல் தெரியும். ஜன்னல் தெரிந்தால் சுவரின் நீளம் தெரியும்.

ஒரு நிபந்தனை: ஆளும் கதவும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் முன்னால், கதவு பின்னால் என்றால் கணக்கு ஏமாற்றும்.

இன்றும் இருக்கும் ஸ்டேஷனைச் செய்கிறீர்கள் என்றால், பிளாட்பாரத்தில் நின்றே காலடியால் அளந்துகொள்ளலாம். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பதோடு, 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றமும்கூட. பழைய பெட்டிகளை நிதானமாகப் பார்க்க, சென்னை ஐ.சி.எஃப்-ஐ ஒட்டியுள்ள ரயில் மியூசியம் இருக்கிறது. திருச்சியிலும் ஒன்று உண்டு.

வீட்டிலேயே இருக்கு சரக்கு!

* ஜல்லி: நிஜத் தண்டவாளத்தில் கொட்டும் 50 மில்லிமீட்டர் ஜல்லி, ஹெச்.ஓ அளவில் 0.6 மில்லிமீட்டர்தான். அதாவது ரவை அளவு. பக்கத்தில் வீடு கட்டினால் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். அதுவும் உடைத்த கருங்கல்தானே! கழுவிக் காயவைத்து ரவைச் சல்லடையில் சலியுங்கள். தூசியைத் தனியே நீக்கிவிடுங்கள். ஒரு காந்தத்தைப் பேப்பரில் சுற்றி மணலில் ஓட்டிவிடுவது முக்கியம். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.
* ஒட்டும் முறை: ஜல்லியைப் பரப்பி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரைத் தெளியுங்கள். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு ராத்திரி காய்ந்தால் கல்லாகிவிடும். பாயின்ட்டின் நகரும் பாகத்தில் மட்டும் பசை படக் கூடாது.
* மண்: குடித்து முடித்த டீத்தூளை நன்றாகக் காயவைத்தால் கரிசல் மண் ரெடி. ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.
* புல்: மரக்கடைத் தூளில் பச்சை போஸ்டர் கலர். நம் ஊர்ப் புல் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்காது. கொஞ்சம் மஞ்சளும் காவியும் கலந்தால்தான் நிஜம்.
* மரம்: நூல் போன்ற மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம், கிளைகள். ஸ்பாஞ்சைக் கிள்ளிச் சாயம் தோய்த்தால் இலை.
* பிளாட்பாரம்: இன்றைய உயரமான பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேலே 76 முதல் 84 சென்டிமீட்டர் வரை இருக்கும், மாடலில் 9 மில்லிமீட்டர் சொச்சம். பழைய சின்ன ஸ்டேஷன்களில் இது தாழ்வு. அட்டையை அடுக்கி ஒட்டி உயரத்தைச் சரிசெய்யலாம்.
* கட்டடம்: சன்போர்டு அல்லது கல்யாணப் பத்திரிகை அட்டை. ஓட்டுக் கூரைக்குப் பழைய பேக்கிங் டப்பாவின் நெளி அட்டை.
* கைகாட்டி: ஊதுபத்திக் குச்சி கம்பம், பத்திரிகை அட்டையில் கை.
* பெயர்ப் பலகை: மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, மூன்று மொழி. போனிலேயே டைப் செய்து பிரின்ட் எடுக்கலாம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் கீழே போட மறக்காதீர்கள்.

தெர்மாகோல் வைத்து மேடு பள்ளம் செய்தால் ஒரு எச்சரிக்கை: ஸ்ப்ரே பெயின்ட்டும் செருப்புக் கடைப் பசையும் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் போஸ்டர் கலரும் மட்டும் பயன்படுத்துங்கள். சூடான கம்பியால் தெர்மாகோல் வெட்டும்போது வரும் புகை நல்லதல்ல. குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

கரன்ட் சமாச்சாரம்

சாதாரண ஹெச்.ஓ எஞ்சின் 12 வோல்ட் டி.சி-யில் ஓடும். தண்டவாளத்தின் ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னால் வரும்.

தேவையானவை மூன்று: நல்ல 12 வோல்ட் அடாப்டர், டி.சி மோட்டாருக்கான சின்ன ஸ்பீடு கன்ட்ரோலர், திசை மாற்ற ஒரு டி.பி.டி.டி சுவிட்ச். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்; மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை. இங்கிள்நூக்கில் ஷன்டிங் நெக் பகுதியில் இரண்டு ஒயர் கொடுத்தாலே பொதுவாகப் போதும். வீட்டு 230 வோல்ட்டைத் திறந்து வேலை செய்யும் எந்த வீடியோவையும் பின்பற்றாதீர்கள். சுவரில் செருகும் அடாப்டருக்கு இந்தப் பக்கம்தான் நம் எல்லை.

எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தூசிதான் காரணம். மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். விளையாடாத நேரத்தில் பழைய வேட்டியால் மூடி வைத்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

மூட்டையோடு ஒருவர்

எங்கள் வீட்டுப் பலகையில் எஞ்சின் இன்னும் வரவில்லை. உண்டியல் பாதி நிரம்பியிருக்கிறது. தண்டவாளம் போட்டாயிற்று. ஷெட், கிணறு, வேப்பமரம் தயார். ஷெட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 19 மில்லிமீட்டரில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள், தோளில் மூட்டையோடு. களிமண்ணில் செய்து, ஈர்க்குச்சி முனையால் தம்பி முண்டாசு வரைந்தான். தாத்தாவால் அந்த அளவைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காலு இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு பிரவுன் ஷீட் வாங்கி, கூடத்தில் விரித்து, தண்டவாளத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, "டிக்கெட் கவுன்ட்டர் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

எஞ்சினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.